ஜப்பானியம் படிக்க டோக்கியோ வேண்டாம்... தார்னாகா போதும்!

சென்னையிலிருந்து மாலையில் கிளம்பும் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், கண் விழிக்கும்போது தெலங்கானா. செகந்திராபாத்தில் மெட்ரோ ரயிலின் நீல வழித்தடத்தைப் பிடித்தால் செகந்திராபாத் ஈஸ்ட், மெட்டுகுடா, அதற்கு அடுத்தது தார்னாகா. நிஜாம் காலத்தில் இங்கே கம்பி வேலி போட்ட ஒரு காவல் சாவடி இருந்ததாகவும், 'தார்' என்றால் கம்பி, 'நாகா' என்றால் சாவடி என்பதால் இந்தப் பெயர் வந்ததாகவும் உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே தெலுங்கு, உருது, இந்தி, ஆங்கிலம் என்று பெயர்ப்பலகைகளிலேயே மொழிப் பாடம் ஆரம்பித்துவிடுகிறது. டீக்கடையில் இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும் கிடைக்கும். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பாக இருக்கும் இந்த பிஸ்கட்டுக்குப் பெயர் கொடுத்தவர் கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கான். பக்கத்திலேயே பரந்து கிடக்கும் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான்.

வெளிநாட்டு மொழி படிக்க ஆசைப்படும், ஆனால் கையில் அதிகம் காசில்லாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தார்னாகா ஒரு முக்கியமான முகவரி. 'ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்' இங்கேதான் இருக்கிறது. சுருக்கமாக 'இஃப்லு'.

மொழிக்காகவே பிறந்த ஏரியா

இந்த வட்டாரத்துக்கும் மொழிக்குமான உறவு நூறு வருடம் தாண்டியது. 1918-ல் உஸ்மானியா பல்கலைக்கழகம் தொடங்கியபோது, இந்தியாவின் மற்ற பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தன. இங்கே பயிற்று மொழி உருது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில்தான். பாடப்புத்தகங்களை உருதுவுக்குக் கொண்டுவருவதற்காகவே தனியாக ஒரு மொழிபெயர்ப்புத் துறையை நிஜாம் அரசு அமைத்தது. இளஞ்சிவப்பு நிறக் கருங்கல்லில் எழுந்து நிற்கும் ஆர்ட்ஸ் காலேஜ் கட்டடம் 1939-ல் திறக்கப்பட்டது. காலை நேரத்தில் அதன் முன்னால் நடைப்பயிற்சிக்காரர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற இளைஞர்களுமாகக் கூட்டம்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1958-ல், இதே பகுதியில் மத்திய அரசு ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர ஒரு நிறுவனம் தொடங்கியது. கன்னடக் கவிஞர் வி.கே.கோகாக் அதன் தொடக்க கால இயக்குநர்களில் ஒருவர். 1972-ல் ஆங்கிலத்தோடு மற்ற வெளிநாட்டு மொழிகளும் சேர்ந்தன. பெயர் 'சீஃபெல்' ஆனது. 2007-ல் மத்தியப் பல்கலைக்கழகமாகி, இப்போதைய பெயர் வந்தது. ஷில்லாங், லக்னோ ஆகிய ஊர்களிலும் இதன் வளாகங்கள் இருக்கின்றன.

அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், ரஷ்யன், ஸ்பானிஷ் என்று பல மொழிகளில் இங்கே பட்டப்படிப்பு உண்டு. கொரியன், சீனம், இத்தாலியன், பாரசீகம், துருக்கி போன்ற மொழிகளைப் பகுதி நேர சான்றிதழ் படிப்பாகவும் நடத்தி வந்திருக்கிறார்கள்.

வீட்டுக் கூடத்தில் நடக்கும் பேச்சு

எந்த ஊர்க் கல்லூரி என்பதைவிட, வீட்டில் முதலில் எழும் கேள்வி வேறு. கீழ்க்கண்ட பேச்சு ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

"ஏம்மா, பக்கத்துல இல்லாத காலேஜா? பி.காம் சேர்ந்துட்டு சாயந்திரத்துல அந்த ஜப்பான் பாஷையைப் படிச்சா ஆகாதா?"

"ஆகும்ப்பா. ஆனா அதுக்குத் தனியா ஃபீஸ் கட்டணும். அங்கன்னா டிகிரியே அதுதான்."

"பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்பி..."

"ராத்திரி ரயில் ஏறுனா காலைல போயிடலாம்ப்பா. திருநெல்வேலியில இருந்து மெட்ராஸ் வர்ற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட."

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் சொல்வது தங்கள் வீட்டுக்குச் சரி என்று முடிவெடுக்க, ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

மணிக்கணக்கு பார்க்கணும்!

மொழிப் படிப்பில் கட்டணத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோக வாய்ப்பு உண்டு. எத்தனை மணி நேரம் சொல்லித் தருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 என்றால் பெயர், ஊர், கடையில் சாமான் வாங்குவது. பி2 என்றால் வேலை இடத்தில் ஓரளவு தடையில்லாமல் பேசலாம், எழுதலாம். வேலை தரும் நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது பி2-வையும் அதற்கு மேலேயும்தான். ஜெர்மன் மொழியில் பி2-வைத் தொட, 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோதே இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. ஜப்பானிய மொழிக்கு என்5-ல் ஆரம்பித்து என்1 வரை ஐந்து படிகள். அதில் கஞ்சி எழுத்துகளைப் பழகவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

'30 நாளில் ஜெர்மன்', 'மூன்று மாதத்தில் ஜப்பானில் வேலை' என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களில் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் 30 நாளில் 30 மணி நேரம். அதில் ஏ1-கூட முடியாது.

தனியார் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் கட்டணம். ஒரு படியில் நின்றுவிட்டால் அதுவரை கட்டிய பணம் பாதி வழியில் நிற்கும். மத்தியப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. படிப்பிலோ மூன்று வருடமும் அந்த மொழிதான் முக்கியப் பாடம். முதல் நாள் எழுத்து அறிமுகத்தில் ஆரம்பிக்கிறார்கள். ஏற்கெனவே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டணமோ தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. குறைந்த பட்ஜெட் குடும்பத்துக்கு மத்தியப் பல்கலைக்கழகம் ஏன் லாபம் என்பதற்கு இதுதான் காரணம்.

கட்டணம் குறைவு, செலவு குறைவா?

கட்டணம் குறைவு என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஹாஸ்டலில் மெஸ் பில் மாதாமாதம் வரும். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும் என்று எங்கேயும் உறுதி இல்லை. கிடைக்காவிட்டால் தார்னாகா, சீதாபல்மண்டி, ஹப்சிகுடா பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து அறை எடுக்க வேண்டும். அட்வான்ஸ், வாடகை, கேஸ் என்று அது வேறு கணக்கு. அதனால், சேர்க்கை உறுதியானதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'முதல் வருட மாணவர்களுக்கு ஹாஸ்டல் எப்போது ஒதுக்குவார்கள்?'

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஊருக்கு வந்துபோகும் ரயில் டிக்கெட், ஒரு லேப்டாப், சர்வதேச மொழித் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பட்டம் இருந்தாலும், ஜே.எல்.பி.டி., டெல்ஃப், கோதே சான்றிதழ் போன்றவற்றை நிறுவனங்கள் கேட்பது வழக்கம். இவற்றில் பிரெஞ்சுக்கான டெல்ஃப் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்க மதிப்பு உண்டு. கொரிய மொழிக்கான டோபிக், சீன மொழிக்கான ஹெச்.எஸ்.கே. மதிப்பெண்கள் இரண்டு வருடங்களுக்குத்தான் செல்லும். எனவே அவற்றைப் படிப்பின் கடைசி வருடத்தில் எழுதுவது நல்லது. சீக்கிரமே எழுதினால் இன்னொரு முறை பணம் கட்ட வேண்டிவரும்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு முன்னறிவிப்பு. கோங்குரா சட்னியும் காரமான பப்புவும் பழக ஒரு மாதம் பிடிக்கும். அம்மா கையால் அரைத்த சாம்பார் பொடி ஒரு டப்பா பெட்டியில் இருந்தால் நண்பர்கள் தானாகக் கிடைப்பார்கள்.

டெல்லியும் சாந்திநிகேதனும்

இஃப்லு ஒன்றுதான் வழி என்றில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம், கொரியன், சீனம், அரபு, பாரசீகம் ஆகியவற்றில் பி.ஏ. ஹானர்ஸ் இருக்கிறது. ஆரவல்லிப் பாறைகளுக்கு நடுவே, மயில்கள் நடமாடும் வளாகம். நாட்டிலேயே மிகக் குறைந்த கல்விக் கட்டணம் வாங்கும் இடங்களில் ஒன்று. 2019-ல் ஹாஸ்டல் கட்டணத்தை உயர்த்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடியது நாடு முழுக்கச் செய்தியானது. அதுவரை அங்கே இருவர் தங்கும் அறைக்கு மாத வாடகை 10 ரூபாய், ஒருவர் தங்கும் அறைக்கு 20 ரூபாய். அந்த ஹாஸ்டலை நம்பித்தான் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள் என்பதை அந்தப் போராட்டம் எல்லோருக்கும் காட்டியது.

ஆனால், சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். டிசம்பர் குளிருக்கு ரஜாய், ஸ்வெட்டர் வாங்க வேண்டும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உடனே கிளம்பி வருவதும் சிரமம். ஹைதராபாத்துக்கும் டெல்லிக்கும் இடையே பல குடும்பங்களை யோசிக்க வைப்பது இந்தத் தூரம்தான்.

மேற்கு வங்கத்தின் சாந்திநிகேதனில், ரவீந்திரநாத் தாகூர் 1937-ல் திறந்துவைத்த 'சீன பவன்' இன்றும் சீன மொழியைச் சொல்லித் தருகிறது. சீன அறிஞர் டான் யுன்ஷான் அதை உருவாக்க உழைத்தவர். பக்கத்திலேயே ஜப்பானிய மொழிக்கு 'நிப்பான் பவன்' இருக்கிறது. இந்த விஸ்வபாரதியும், வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகமும்கூட மத்தியப் பல்கலைக்கழகங்கள்தான்.

வெளியூர் போகவே முடியாதா?

சில வீடுகளில் சூழ்நிலை அப்படி. அதற்காக ஆசையை மூட்டை கட்ட வேண்டியதில்லை.

பிரெஞ்சு என்றால் புதுச்சேரி இருக்கிறது. தெருப்பெயர்ப் பலகையிலேயே பிரெஞ்சைப் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை, நகரத்துக்குள் அலியான்ஸ் பிரான்சேஸ் என்று ஒரு மொழியைச் சுற்றி ஊரே இருக்கிறது. சென்னையில் லயோலா கல்லூரியில் பி.ஏ. பிரெஞ்சு படிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மற்றும் அயல்மொழிகள் துறை இருக்கிறது.

இன்னொரு வழி, அப்பா சொன்ன வழி. பக்கத்து அரசுக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம், கூடவே மொழி. சென்னையில் ஜெர்மனுக்கு மாக்ஸ் முல்லர் பவன், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் ஆகியவை பல வருடங்களாகச் சொல்லித் தருகின்றன. ஜே.எல்.பி.டி. தேர்வு சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். கட்டணம் அதுவும் கட்டுப்படியாகாது என்றால், 'இக்னோ' திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் போன்ற மொழிகளில் நடத்தும் சான்றிதழ் படிப்புகளில் ஆரம்பிக்கலாம். அடிப்படைப் படியைக் குறைந்த செலவில் தாண்டிவிட்டு, உண்மையிலேயே இந்த மொழி நமக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு அடுத்த படிக்குப் பணம் கட்டலாம்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்!

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இந்தப் பல்கலைக்கழகங்களைத் தவறவிடுவதற்குப் பெரும்பாலும் மதிப்பெண் காரணமில்லை, காலண்டர்தான் காரணம்.

நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் கல்லூரி தேடும் படலம் ஆரம்பிக்கும். ஆனால், மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புக்கு 'க்யூட்' என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2022-லிருந்து இதுதான் நடைமுறை. இதற்கான விண்ணப்பம், பொதுத் தேர்வுக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே தொடங்கி முடிந்துவிடும். மே மாதம் மார்க் ஷீட்டோடு போய் நின்றால் கதவு சாத்தியிருக்கும்.

மொழிப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலமும் பொது அறிவு, கணக்கு, பகுத்தறிதல் அடங்கிய பொதுத் தாளும் கேட்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தாளைக் கேட்கிறது என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டுத்தான் தாள்களைத் தேர்வு செய்ய வேண்டும். பொதுத் தாளைத் தமிழிலும் எழுதும் வசதி இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத் தாளுக்கு மட்டும் தனியாக உழைக்க வேண்டியிருக்கும். பிளஸ் ஒன்னிலேயே தினமும் ஒரு பக்கம் ஆங்கில நாளிதழ் படிக்க ஆரம்பித்தால் அதுவே பாதிப் பயிற்சி. தேர்வு எழுதியது மட்டும் போதாது. மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்து இடத்தை இழந்தவர்களும் உண்டு.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்கும் மாணவர்கள், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பின் போது ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்து வைத்தால் அலைச்சல் மிச்சம்.

படித்து முடித்தால்?

தார்னாகாவில் ஏறிய அதே நீல வழித்தடத்தின் மறுமுனை ராய்துர்க். பக்கத்தில் ஹைடெக் சிட்டி. பன்னாட்டு நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களில் ஜெர்மன், ஜப்பானியம், ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்கு வாடிக்கையாளர் சேவை, ஆவணச் சரிபார்ப்பு போன்ற வேலைகள் இருக்கின்றன. நம் ஊரிலும் கதை அதுதான். இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய், வல்லம் வடகாலில் ஜப்பானின் யமஹா என்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமே வெளிநாட்டு மொழி தெரிந்தவர்களைத் தேடுகிறது. கொரிய மேலாளர் சொல்வதைத் தொழிற்சாலைத் தளத்தில் நிற்கிற தமிழ்த் தொழிலாளிக்குப் புரியவைக்க, இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் வேண்டும்.

கூடவே ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். சாதாரணக் கடிதத்தை மொழிபெயர்க்கும் வேலையை இப்போது செல்போனே செய்துவிடுகிறது. அதனால் ஏ2-விலேயே நின்றுவிட்டவர்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டம். மொழியில் மேல்படிக்குப் போனவர்களும், மொழியோடு கணக்குப் பதிவியல், நர்சிங், மெக்கானிக்கல், சுற்றுலா என்று இன்னொரு திறமையை வைத்திருப்பவர்களும்தான் நிலைக்கிறார்கள்.

வெளிநாடு போய்ப் படிக்கும் வாய்ப்பும் இந்தப் பட்டப்படிப்பு வழியாக வரும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஜப்பானிய மொழியை முக்கியப் பாடமாகப் படிக்கும் இளநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு அங்கே படிக்க ஜப்பான் அரசே விமான டிக்கெட், கல்விக் கட்டணம், மாதச் செலவுத் தொகை கொடுத்து அழைத்துக்கொள்கிறது. போட்டி கடுமைதான். ஆனால், விண்ணப்பிக்கத் தகுதி பெறுவதற்கே அந்த மொழியில் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு?

2. மூன்று வருடம் முடியும்போது மாணவர்கள் பொதுவாக எந்தப் படியை எட்டுகிறார்கள்?

3. ஹாஸ்டல் உறுதியா? மெஸ் பில் மாதம் எவ்வளவு?

4. போன வருடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

5. இரண்டாம், மூன்றாம் வருட மாணவர் யாரிடமாவது பேசலாமா?

கடைசிக் கேள்விக்கான பதிலில் மற்ற நாலு கேள்விகளுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிடும். முடிந்தால் பிளஸ் ஒன் விடுமுறையில் ஒருமுறை ஹைதராபாத்துக்கு ரயிலேறுங்கள். சார்மினாரையும் கோல்கொண்டாவையும் பார்க்கிற அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி தார்னாகா பக்கமும் போய் வரலாம். வாசலில் நின்று, வெளியே வரும் மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அவர்களில் ஒருவர் தமிழில் பதில் சொல்லவும் வாய்ப்பிருக்கிறது.

இந்த ஆண்டு பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பொங்கல் முடிந்த கையோடு க்யூட் அறிவிப்பு வந்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்!